கடல் சூடானால் கரையில் மழை கொட்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரத் தொடங்கிவிடும். வங்காள விரிகுடா முழுக்கச் செக்கச்செவேல் என்றிருக்கும். கீழே, "கடல் கொதிக்குது, இந்த வருஷம் சென்னை அவ்வளவுதான்" என்று ஒரு வரி. படம் பொய்யில்லை, அதிலிருந்து எடுக்கிற முடிவுதான் அவசரம். மொட்டைமாடியில் மழைமானி வைத்துக் காலை எட்டரை மணிக்கு அளந்து குறித்துக்கொள்கிற ஆள் நான். அதனால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கடல் மேற்பரப்பு வெப்பநிலை என்றால் கடலின் எந்த இடத்துச் சூடு?

கடலின் மேல்தோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகச்சிவப்புக் கருவி உள்ள செயற்கைக்கோள் பார்ப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான படலத்தை. மிதவையும் கப்பலும் அளப்பது அரை மீட்டரிலிருந்து சில மீட்டர் ஆழம் வரையிலான நீரை. இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்துதான் வரைபடம் போடுகிறார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். சில படங்களில் சிவப்பு என்பது உண்மையான வெப்பநிலை. வேறு சில படங்களில் அது வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதி வதந்தி பிறக்கிறது.

கடல் சூடானால் மழை ஏன் கூட வேண்டும்?

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்று ஏந்தக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். கடலுக்கு மேலே ஈரத்துக்குப் பஞ்சம் இல்லை. அதனால் அந்தக் கூடுதல் கொள்ளளவு பெரும்பாலும் நிரம்பியே விடுகிறது. அந்தக் காற்று மேலே ஏறிக் குளிரும்போது நீராவி துளியாகிறது. ஆவியாகும்போது கடலிடமிருந்து வாங்கிய வெப்பத்தை அப்போது திருப்பிக் கொடுக்கிறது. அந்த வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ளுகிறது, கீழே காலியான இடத்துக்குச் சுற்றிலுமிருந்து மேலும் ஈரக்காற்று ஓடி வருகிறது.

ஆக, சூடான கடல் இரண்டு வேலை செய்கிறது. சரக்கும் கொடுக்கிறது, அடுப்பும் பற்ற வைக்கிறது. சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழையில் இந்த 7 சதவீதக் கணக்கு மீறப்படுவதற்கும் இந்த இரண்டாவது வேலைதான் ஒரு காரணம்.

அப்படியானால் மே மாதம்தானே கொட்ட வேண்டும்? கடல் அப்போதுதான் அதிகச் சூடு.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வாட்ஸ்அப் படத்துக்குப் பதிலே இதற்குள் இருக்கிறது.

ஏப்ரல், மே மாதங்களில் வங்காள விரிகுடாவின் மேற்பரப்பு 30 டிகிரியைத் தொட்டுத் தாண்டும். நவம்பரில் 28, 29 என்று இறங்கிவிடும். ஆனாலும் அக்னி நட்சத்திரத்தில் சென்னை வறுபடுகிறது, கார்த்திகையில் மூழ்குகிறது. காரணம் காற்று. மே மாதம் நமக்கு மேலே வீசுவது பெரும்பாலும் நிலத்தைக் கடந்து வரும் வறண்ட மேற்குக் காற்று. கடல்காற்று மதியத்துக்கு மேல் கொஞ்சம் உள்ளே நுழைந்து சட்டையை நனைத்துவிட்டு நின்றுவிடும். அதுவும் தாமதமானால் 40 டிகிரி. ஈரம் கரை வரை வந்தாலும் மேலே ஏற வழி கிடைப்பதில்லை. எப்போதாவது ஒரு சாயங்காலம் இடிமழை கிடைத்தால் லாபம்.

ஐப்பசியில் காற்று திரும்புகிறது. வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடலைத் தடவிக்கொண்டு வந்து கரையில் மோதுகிறது. கிழக்குக் காற்றுக்குத் தமிழில் கொண்டல் என்று பெயர். மழைமேகத்துக்கும் கொண்டல்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் வெப்பமானி பார்த்ததில்லை, ஆனால் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

எத்தனை டிகிரிக்கு மேல் போனால் ஆபத்து?

புயல் உருவாக 26.5 டிகிரி, அதுவும் சுமார் 50 மீட்டர் ஆழம் வரை வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. வானைத் தொடும் மழைமேகக் கூட்டங்களுக்கு ஏறக்குறைய 28 டிகிரி ஒரு வாசற்படி என்று சுலோச்சனா காட்கில், பி.வி.ஜோசப், என்.வி.ஜோஷி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1984-ல் இந்தியப் பெருங்கடல் தரவுகளை வைத்துக் காட்டினார்கள். அதில் இன்னொரு பாதி உண்டு, அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாசற்படியைத் தாண்டிய பிறகு, கடல் இன்னும் சூடாக இருப்பதாலேயே மேகம் அதே விகிதத்தில் கூடிக்கொண்டு போவதில்லை. 28-க்கு மேல் மழை வரலாம், வராமலும் போகலாம்.

வங்காள விரிகுடா வருடத்தில் பெரும்பகுதி இந்தப் படிக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் இங்கே அரை டிகிரி ஏறியது, இறங்கியது என்பதை மட்டும் வைத்து ஜோசியம் சொல்ல முடியாது.

பெரு நாட்டுக் கரை இதற்கு நேர் எதிர். அங்கே கடல் குளிர்ச்சியானது, கரையோரம் பாலைவனம். எல் நினோ (பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவது) வந்து அந்தக் கடல் பல டிகிரி சூடேறினால் படியைக் கடந்துவிடும். பாலைவனத்தின்மேல் மழை கொட்டும். 1998-ல் செச்சூரா பாலைவனத்தில் தற்காலிகமாக ஒரு பெரிய ஏரியே உருவானது. 2017-ல் பெருவின் கரையோரம் மட்டும் கடல் சூடாகிப் பியூரா நகரம் வெள்ளத்தில் மிதந்தது. கடல் வெப்பநிலைக்கும் மழைக்கும் நேரடி முடிச்சு பார்க்க வேண்டும் என்றால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்ததே, அது கடல் சூட்டினால்தானா?

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. புயல் எதுவும் இல்லை, தாழ்வு மண்டலம்கூட இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டல மேலடுக்கு சுழற்சி, அவ்வளவுதான். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, பயணிகள் இரண்டு நாள் போல அங்கேயே மாட்டிக்கொண்டது நினைவிருக்கும்.

95 செ.மீ. என்றால் எவ்வளவு என்று மனதில் வாங்கிக்கொள்ள ஒரு கணக்கு. ஒரு கிரவுண்ட் மனை 2,400 சதுர அடி, கிட்டத்தட்ட 223 சதுர மீட்டர். அதன்மேல் 95 செ.மீ. பெய்தால் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பதினேழு, பதினெட்டை ஒரே நாளில் ஒரு மனையில் கவிழ்த்த மாதிரி.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஓர் ஊருக்கு மேலே, தரையிலிருந்து உச்சி வரை நிற்கும் காற்றில் உள்ள ஈரம் மொத்தத்தையும் ஒட்டப் பிழிந்தாலும், நல்ல மழைக்காலத்திலேயே 6 செ.மீ. சுமாருக்குத்தான் தேறும். மீதி 89? வெப்பமண்டலக் கடல் ஒரு நாளைக்கு ஆவியாக விடுவது 4, 5 மில்லிமீட்டர். அந்த ஆவியை மட்டும் கணக்கில் எடுத்தால் காயல்பட்டினத்தைப் போல இருநூறு மடங்கு பரப்புள்ள கடல் தன் ஒருநாள் ஆவி மொத்தத்தையும் அந்த ஒரே ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டும். யார் அனுப்பினார்கள்? காற்றுதான். சுழற்சி அசையாமல் நின்றது, கிழக்கிலிருந்து வந்த ஈரக்காற்று மணிக்கணக்காக ஒரே இடத்தில் குவிந்தது. ஒரு மேகம் தீர்ந்தால் அடுத்தது அதே பாதையில் வந்து நின்றது.

இப்போது கடலின் பங்கைப் பாருங்கள். வழக்கத்தைவிடக் கடல் ஒரு டிகிரி கூடுதல் என்றே வைத்துக்கொள்வோம். 7 சதவீதம். 95-ல் அது 6, 7 செ.மீ.தான் வரும். அடுப்பு வேலையையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஏரிக்கரை உடைவதும் உடையாமல் இருப்பதும் கடைசி ஐந்து செ.மீ.யில்தான் முடிவாகிறது. ஆனால் 30 செ.மீ. மழையை 95 ஆக்கியது கடல் சூடு என்று சொன்னால் கணக்கு உதைக்கும்.

மும்பையில் 2005 ஜூலை 26 அன்று நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். சாந்தாகுரூஸில் 944 மி.மீ. அதே நகரத்தின் தென்முனையில் உள்ள கொலாபாவில் 73 மி.மீ. இரண்டுக்கும் கடல் ஒன்றுதான்.

நகராமல் நின்றால்தான் பிரச்சினையா?

பெரும்பாலும் ஆமாம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக ஊர்ந்தது, கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா பக்கம். ஆனால் முங்கியது சென்னை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறிவிட்டு மணிக்கணக்கில் நகரவில்லை. புதுச்சேரியிலும் மயிலத்திலும் 50 செ.மீ.யை ஒட்டிப் பதிவானது. பிறகு அது உள்ளே நகர்ந்து, கடலே கண்ணில் படாத ஊத்தங்கரையிலும் 50 செ.மீ. கொட்டியது. கடலோரத்தில் இல்லையே, நமக்கென்ன என்று இருப்பவர்கள் ஊத்தங்கரைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

புயல் கடலைக் கலக்கினால் அடிநீர் மேலே வந்து குளிர்ந்துவிடாதா?

குளிரும். பல கடல்களில் புயல் போன தடத்தில் குளிர்ந்த பட்டை ஒன்று செயற்கைக்கோளில் அப்படியே தெரியும். புயலே தன் அடுப்பை அணைத்துக்கொள்கிற மாதிரி.

வங்காள விரிகுடாவில், குறிப்பாக அதன் வடபகுதியில், பருவமழை முடிந்த மாதங்களில் இந்த அணைப்பு சரியாக வேலை செய்வதில்லை. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் இந்தக் கடலில்தான் நல்ல தண்ணீரைக் கொட்டுகின்றன. போதாததற்குக் கடல்மேலேயே பெய்யும் மழை வேறு. உப்பு குறைந்த தண்ணீர் இலேசானது. கனமான உப்புநீர்மேல் மூடி போட்டது போல மிதக்கும். அந்த மூடியைக் கலைத்துக் கீழே உள்ள குளிர்நீரை மேலே இழுக்கப் புயல் ரொம்பவே மெனக்கெட வேண்டும். அதனால் மேற்பரப்பு சூடாகவே இருந்துவிடுகிறது. அக்டோபருக்கு மேல் கரையோர நீரோட்டம் தெற்கே திரும்பி, இந்த உப்புக் குறைந்த நீரை ஆந்திரக் கரையை ஒட்டி நம் பக்கம் வரை கொண்டுவருகிறது. பிரம்மபுத்திராவில் வந்த வெள்ளத்துக்கும் சென்னைக்கு எதிரே உள்ள கடலுக்கும் இப்படியொரு உறவு உண்டு என்று தெரிந்த அன்று நான் தேநீரை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

எல் நினோ வந்தால் மழை குறையும் என்கிறார்களே?

அது தென்மேற்குப் பருவமழைக்கு. பசிபிக்கின் நடுவும் கிழக்கும் சூடானால் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியாவுக்குப் பெரும்பாலும் பற்றாக்குறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதை தலைகீழ். எல் நினோ ஆண்டுகளில் தென் வங்கக்கடலில் கிழக்குக் காற்று வலுப்பெறும், ஈரம் நம் பக்கம் தள்ளப்படும். 2015-ம் 2023-ம் எல் நினோ ஆண்டுகள்தான்.

லா நினா, அதாவது பசிபிக்கின் அதே பகுதி வழக்கத்தைவிடக் குளிர்வது, என்றால் வடகிழக்குப் பருவமழை குறைய வேண்டும். 2016-ல் அப்படித்தான் நடந்தது. தமிழகத்துக்கு வர வேண்டிய சுமார் 44 செ.மீ.யில் 60 சதவீதத்துக்கு மேல் வராமல் போய், வறட்சி. சரி, விதி நிரூபணமாகிவிட்டது என்று நினைத்தால் 2021 வந்தது. அதுவும் லா நினா ஆண்டுதான். மழையோ வெளுத்து வாங்கியது. பசிபிக் ஒரு பக்கமாகச் சாய்க்கிறது, கட்டளையிடவில்லை என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தியப் பெருங்கடல் இருமுனை என்கிறார்களே, அது வேறா?

வேறுதான், ஆனால் சில ஆண்டுகளில் எல் நினோவோடு கைகோத்து வரும். இந்தியப் பெருங்கடலின் ஆப்பிரிக்கப் பக்கம் சூடாகவும் சுமத்ரா பக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால் நேர்மறை. 1999-ல் சாஜி, யமகாட்டா ஆகிய ஆய்வாளர்களின் குழுவினர் இதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். 2019-ல் அது மிக வலுவாக இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம், ஆஸ்திரேலியாவில் வறட்சியும் காட்டுத்தீயும்.

2015 சென்னை வெள்ளத்துக்குக் கடல் வெப்பமயமாதல் காரணமா, இல்லையா?

அந்த நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,000 மி.மீ.க்கு மேல். டிசம்பர் 1-ல் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47. இதைப் பற்றி ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. உலக அளவில் இப்படிப்பட்ட நிகழ்வுகளின் காரணத்தை ஆராயும் ஒரு குழு, இதில் புவி வெப்பமாதலின் தடம் தெரியவில்லை என்றது. அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் வங்கக்கடலின் அந்தப் பகுதி அதிகம் சூடாகவில்லை, காற்றில் உள்ள தூசும் புகையும் வெயிலை மறைத்தது அதற்கு ஒரு காரணம் என்பது அவர்கள் வாதம். கணினி மாதிரிகளை வைத்து ஆராய்ந்த வேறொரு குழுவினர், எல் நினோவோடு வங்கக்கடலின் வெப்ப உயர்வும் மழையைக் கூட்டியது என்றார்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், ஒரே ஒரு மழையை வைத்துத் தீர்ப்பு எழுதுவதைவிட, பல பத்தாண்டு மழையைச் சேர்த்துப் பார்ப்பது நம்பகமானது. அப்படிப் பார்க்கும்போது அரபிக்கடல் பக்கம் படம் தெளிவாகத் தெரிகிறது.

அரபிக்கடலில் அப்படி என்ன?

ஒரு காலத்தில் அரபிக்கடல் வங்கக்கடலைவிடச் சாது. இப்போது வேகமாகச் சூடாகிறது, புயல்களும் கூடியிருக்கின்றன. ராக்ஸி மேத்யூ கோல் தலைமையிலான ஆய்வு 2017-ல் வெளியானது. மத்திய இந்தியாவில் பரவலாகப் பெய்யும் அதீத மழை நிகழ்வுகள் 1950 முதல் 2015 வரை மூன்று மடங்காகியிருக்கின்றன என்று அது காட்டியது. வட அரபிக்கடல் சூடாகி, அங்கிருந்து ஈரக்காற்று திடீர் திடீரென்று அலையலையாக உள்ளே பாய்வதை அவர்கள் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். இதே காலத்தில் மத்திய இந்தியாவின் மொத்தப் பருவமழை கூடவில்லை, குறைந்திருக்கிறது. அதாவது, மழை நாட்கள் சுருங்கிப் பெய்கிற நாளில் வெறியோடு பெய்கிறது. விவசாயிக்கு இரண்டு பக்கமும் அடி.

மத்தியதரைக் கடலிலும் இந்த வாடை அடிக்கிறது. 2023 செப்டம்பரில் லிபியாவின் டெர்னா நகரத்தை அழித்த மழையும், 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் ஓரிடத்தில் 770 மி.மீ.யைத் தாண்டிய மழையும், கோடை முழுக்கச் சூடேறிக் கிடந்த கடலின்மேல் இலையுதிர்காலக் குளிர்காற்றுச் சுழல் வந்து நின்றபோது பெய்தவை.

வடகிழக்குப் பருவமழை ஏன் ராத்திரியில்தான் ஊற்றுகிறது?

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது பழக்கம். இரவு இரண்டு மணிக்குத் தகரக் கூரை அதிரும். காலையில் பள்ளிக்கு விடுமுறை அறிவிப்பார்கள், பத்து மணிக்கு வெயில் பளீரென்று அடிக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், மாவட்ட ஆட்சியருக்குத் திட்டு.

இரவில் நிலம் சீக்கிரம் ஆறிவிடும், கடல் ஆறாது. நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய தரைக்காற்று கிளம்பும். கடலிலிருந்து வரும் வாடைக்காற்றோடு அது கரைக்குச் சற்றுத் தள்ளி முட்டிக்கொள்ளும். முட்டிய இடத்தில் காற்று மேலேதான் போக வேண்டும். அங்கே மேகம் முளைத்து, வாடைக்காற்று தள்ளத் தள்ளக் கரைக்கு வந்து கொட்டும்.

வெள்ளத்துக்கும் கடலையே குற்றம் சொல்லலாமா?

கூடாது. மழை மேலிருந்து வருவது, வெள்ளம் நாம் கட்டியது. ஏரிக்குள் மனை போட்டதற்குக் கடலின் வெப்பநிலை பொறுப்பில்லை. ஆற்று முகத்துவாரத்தில் கடல் மட்டம் உயர்ந்து தண்ணீரை வாங்க மறுப்பது மட்டும் கடல் கணக்கில் சேரும்.

கடலில் கால் நனைத்துப் பார்த்தால் தெரியுமா? எங்கே பார்ப்பது?

கரையோரத் தண்ணீர் ஆழம் குறைந்தது, வெயிலுக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் சட்டென்று மாறும். மெரினாவில் கணுக்கால் சொல்வதை நம்பாதீர்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கடல் வெப்பநிலை வரைபடங்களை இணையத்தில் தருகிறது. மீன் எங்கே கூடும் என்று அவர்கள் மீனவர்களுக்குச் சொல்லும் தகவலும் இதே வெப்பநிலையையும் பச்சைய அளவையும் வைத்துத்தான் தயாராகிறது. ஆக, விசைப்படகுக்காரர்களுக்கு இந்த எண் நம்மைவிடப் பழக்கம்.

ஒரு சிக்கல், மழை மேகம் மூடிய நேரத்தில் அகச்சிவப்புக் கருவிக்குக் கடல் தெரியாது. நமக்கு அவசியமான நாளில்தான் அது கண்ணை மூடிக்கொள்ளும். நுண்ணலைக் கருவிகள் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், ஆனால் படம் சற்று மங்கல். அதனால்தான் நடுக்கடலில் நங்கூரமிட்ட மிதவைகள் வேண்டியிருக்கின்றன. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலில் இவற்றைப் பராமரிக்கிறது. இதிலும் ஒரு தொல்லை. எந்தப் பொருள் கடலில் மிதந்தாலும் அதன் நிழலில் மீன் கூடும். மீன் கூடினால் படகு வரும், வந்த படகு மிதவையிலேயே கயிற்றைக் கட்டும். கட்டிய இடத்தில் கருவி உடையும்.